கறைபடாத அடுப்பு

இந்த மாதத்தோடு நான் வெளிவேலையிலிருந்து நிற்கிறேன். இரண்டாவது பிள்ளை கோடையில் பிறக்க இருக்கிறது. இந்த வயிற்றோடு ஏணியில் ஏறி, கூரைக்கடியிலுள்ள அற்றிக்கினுள் தலையை விடுவது இனிச் சரிவராது. விடுப்பு முடிந்து வந்தாலும் மேசை வேலைதான் என்று பேசியாகிவிட்டது. ஏழு வருடம் வீடு வீடாகப் போய், குளிர் எங்கே நுழைகிறது, சூடு எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துத் திரிந்தவள் என்பதால், புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போகச் சொன்னார் மனேஜர். இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன். அறிவுரை சொல்லுமளவுக்கு நான் கெட்டிக்காரியா என்ற சந்தேகம். மூன்றாவது தரம், செய்த பிழையைச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கருவிகளைப் பற்றி நான் எழுதவில்லை. அவற்றைப் பயிற்சியில் நன்றாகவே சொல்லித் தருவார்கள். கருவி கையில் இருக்கும்போதும் மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் திரும்பிப் போகிறவள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்புவேன். மகள் நிலாவைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு, அவளுடைய தண்ணீர்ப் போத்தல் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத் திரும்புவேன். வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், மார்க்கம் நகரில் ஒரு வீட்டில் சோதனை முடித்து, அரைவாசித் தூரம் வந்தபின், சோதனைக்காக நிறுத்திய, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸை மறுபடி போட்டேனா என்ற கேள்வி வந்தது. திரும்பி ஓடினேன். போட்டிருந்தேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே தேநீர் தந்தார். தேநீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தால், தண்ணீர் ஹீற்றரையும் போட்டேனா என்று யோசனை. வெட்கத்தை விட்டு இரண்டாவது தரமும் மணியை அடித்தேன். அதையும் போட்டிருந்தேன். கதை அலுவலகம் முழுக்கப் பரவி, சில மாதங்களுக்கு என் பெயரே 'ரிட்டேர்ன் ரிக்கற்' ஆகிவிட்டது.

இனிப் பிழைக்கு வருகிறேன்.

வெக்ஸ்போர்ட் பகுதியில், மாடியில்லாத ஒரு பழைய பங்களா வீடு. றெஜினா அன்ரியும் அவருடைய கணவரும் இருபத்தைந்து வருடமாக அங்கே இருக்கிறார்கள். முதல் தரம் நான் போனபோது, குளிர்காலத்தில் வரவேற்பறையில் கோட்டோடு உட்கார்ந்து படம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவ்வளவு ஓட்டை வீடு. நான் எழுதிக்கொடுத்ததை ஒன்று விடாமல் செய்தார்கள். அற்றிக்கில் காப்புப் பஞ்சு நிறைத்தார்கள். நிலக்கீழ் பேஸ்மென்ற் சுவரின் மேல்விளிம்பு முழுக்க நுரை அடித்தார்கள். ஜன்னல் இடுக்குகளை அடைத்தார்கள். பழைய ஃபேர்னஸைக் கழற்றிவிட்டுக் கரண்டில் சூடாக்கும் ஹீற் பம்ப் போட்டார்கள். காஸில் ஓடும் தண்ணீர் ஹீற்றர் மட்டும் மிஞ்சியது. அது வாடகைக்கு எடுத்தது, ஒப்பந்தம் முடிய இன்னும் கொஞ்சக் காலம் இருந்தது. அதன் புகை பழைய செங்கல் புகைபோக்கி வழியாக, எந்த விசிறியின் உதவியும் இல்லாமல், தானாக மேலே போகும் வகை.

எல்லாம் முடிந்தபின் ஒரு வியாழக்கிழமை நான் இரண்டாம் தரம் போனேன். முன்கதவில் திரை கட்டி, பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டின் காற்றை வெளியே இழுத்து, எவ்வளவு இறுக்கமாகிவிட்டது என்று அளந்தேன். எண்களைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது. அங்கிள் பக்கத்தில் நின்று, "இனி ஒரு எறும்பும் உள்ளை வராது, என்ன?" என்றார்.

அதன்பின் முக்கியமான ஒரு சோதனை இருக்கிறது. வீட்டிலுள்ள விசிறிகளை எல்லாம் ஒன்றாக ஓடவிட்டு, தண்ணீர் ஹீற்றரின் புகை ஒழுங்காக மேலே போகிறதா என்று பார்க்க வேண்டும். விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஓட்டை வீட்டில் அது சுவர் வழியாக வரும். இறுக்கமான வீட்டில் வேறு வழி இல்லாவிட்டால் புகைபோக்கி வழியாகக் கீழே இறங்கும். அப்போது புகையும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வரும்.

நான் மேலே சமையலறை விசிறியைப் போட்டேன். குளியலறை விசிறியைப் போட்டேன். உடுப்புக் காயவைக்கும் மெஷினைப் போட்டேன். பேஸ்மென்றில் ஒரு கதவு மூடியிருந்தது.

"அன்ரி, அந்தக் கதவையும் திறக்க வேணும்."

"அது மகன்ரை அறை, பிள்ளை. ஒரே குப்பை. நீர் பாக்கக்கூடாது."

அன்ரி தானே போய்க் கதவை நான்கு விரல் அகலம் திறந்துவைத்தார். நான் மரியாதையாக மறுபக்கம் திரும்பி நின்றேன். வேறு ஆட்களின் வீடாக இருந்தால், "மன்னிக்க வேண்டும், பார்த்தே ஆக வேண்டும்" என்று உள்ளே போயிருப்பேன். அன்ரி என் அம்மாவின் வயது. இளம் பையனின் அறைக்குள் எட்டிப்பார்க்க என் வளர்ப்பு விடவில்லை. ஹீற்றரின் புகை ஒழுங்காக மேலே போயிற்று. நல்ல வீடு என்று சொல்லி, கையெழுத்திட்டு, அன்ரி தந்த பற்றிஸ் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை. அஜக்ஸில் எங்கள் வீட்டில், நிலாவுக்கு முட்டை பொரித்துக் கொடுத்துவிட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளை அடுப்பு. எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் கறை போகாது. எங்களைப்போலச் சமைக்கிற யாருடைய அடுப்பிலும் போகாது. அப்போதுதான் கை நின்றது. றெஜினா அன்ரியின் அடுப்பும் வெள்ளை. அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை. பொத்தான்களின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்ரிக் தாள்கூட உரிக்கப்படவில்லை. ஆனால் வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது என் கோட்டில் அப்படி ஒரு கறி மணம்.

மேலே இருப்பது தேநீர் போடும் அடுப்பு. உண்மையான சமையல் கீழே நடக்கிறது. மேல் வீடு மணக்கக்கூடாது என்று எங்கள் சனத்தில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். எனது அம்மாவும் இப்படித்தான். உலகத்திலேயே இதை முதலில் யோசித்திருக்க வேண்டியவள் நான். மகனின் அறைக்குள் அடுப்பு இருந்தால் விசிறியும் இருக்கும். அது எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. சோதனையில் அது ஓடவில்லை.

அன்ரிக்குப் போன் எடுத்தேன். பதில் இல்லை. அங்கிளுக்கு எடுத்தேன். பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் தங்கை மகள் ஜெனிக்குத் தேவாலயத்தில் முதல்நன்மைச் சடங்கு, சனிக்கிழமை முழுக்க வீட்டில் பலகாரம் செய்யப்போகிறோம் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. துணியைப் போட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தேன்.

கணவர் கோப்பியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அடுப்பு சுத்தமா இருந்ததெண்டோ நீர் இப்ப வெக்ஸ்போர்ட்டுக்குப் போறீர்?"

"ஓம்."

"போய் என்னெண்டு சொல்லுவீர்? அன்ரி, உங்கடை அடுப்பிலை ஊத்தை காணாது எண்டோ?"

சொன்னவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நிலாவை நான் பாக்கிறன். கவனமா ஓட்டும்" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நேரம் நான் காரில் ஏறாமல் அவசர எண்ணுக்கு அழைத்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். கறையில்லாத அடுப்பு ஒன்றை வைத்துத் தீயணைப்புப் படையைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சம் ஒரு காரணமே இல்லை. நீங்கள் அழையுங்கள். என்னைப் பார்த்து நடக்க வேண்டாம்.

வீட்டின் முன்னால் நான்கு கார்கள் நின்றன. வெளியே மழையும் பனியும் கலந்து தூறியது. எல்லா ஜன்னலும் இறுகப் பூட்டியிருந்தது. அங்கிள் கதவைத் திறந்தார்.

"வாரும் பிள்ளை, வாரும்! நல்ல நேரத்திலைதான் வந்திருக்கிறீர். ரோல்ஸ் பொரியுது."

"எங்கை அங்கிள் பொரியுது?"

அவர் முகம் மாறியது. நகரசபை அனுமதி இல்லாத சமையலறை அது. கீழேயிருந்து எண்ணெய் சீறும் சத்தமும் பெண்களின் சிரிப்பும் தெளிவாகக் கேட்டன. "அது... சும்மா ஒரு சின்ன அடுப்பு" என்றார்.

"நான் நகரசபை ஆள் இல்லை அங்கிள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். கீழை போகலாமோ?"

படியில் பாதி இறங்கியபோது என் சட்டைப்பையில் இருந்த மீற்றர் கத்தத் தொடங்கியது. காபன் மொனொக்சைட் இருந்தால் கத்தும் சின்னக் கருவி. நிறமும் மணமும் இல்லாத அந்த நஞ்சுக் காற்றை அது மட்டும்தான் கண்டுபிடிக்கும். பின்னால் வந்த அங்கிள், "போன் அடிக்குது பிள்ளை, எடும்" என்றார்.

"அங்கிள், இஞ்சை அலாரம் ஒண்டு இருக்க வேணுமே?"

"இருந்தது. பொரிக்கிற நேரமெல்லாம் கத்துது எண்டு கழட்டி மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன்."

மகனின் அறை என்று சொல்லப்பட்ட அறையில் கட்டிலைத் தவிர எல்லாம் இருந்தது. பெரிய கரண்ட் அடுப்பு, பாத்திரம் கழுவும் சிங், நீளமான மேசை. சுவரில், மூடப்பட்ட ஏதோ சாப்பாட்டுக் கடையிலிருந்து வாங்கிப் பூட்டிய ஒரு விசிறி, லொறி ஓடுவதுபோல இரைந்துகொண்டிருந்தது. ஐந்து பெண்கள். ஒருவர் மா உருட்ட, ஒருவர் கறி வைத்துச் சுற்ற, ஒருவர் தூளில் புரட்ட, றெஜினா அன்ரி இரண்டு தாச்சியில் பொரித்துக்கொண்டிருந்தார். அன்ரியின் தங்கை நெற்றியில் தைலம் பூசி, சுவரில் சாய்ந்திருந்தார். அவர் மடியில் எட்டு வயது ஜெனி, கண் சொருகிக் கிடந்தாள்.

"எண்ணெய்ப் புகை பிள்ளை, காலமை தொடக்கம் தலையிடி" என்றார் தங்கை.

ஹீற்றர் அந்த அறைக்கு அடுத்த மூலையில். மேசையிலிருந்து ஒரு நூலளவு கடதாசியைப் பற்றவைத்து அணைத்து அதன் அருகே பிடித்தேன். மேலே போக வேண்டிய புகை என் முகத்தில் அடித்தது. தூளில் புரட்டியவர் இடையிடையே சிங்கில் சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவியதால் ஹீற்றர் திரும்பத் திரும்ப எரிந்தது. அது எரிந்த புகை முழுவதையும் இந்த விசிறி அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. போன மாதம்வரை இந்த வீடு ஓட்டையாக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஓட்டைகளை அடைக்கச் சொன்னவள் நான்.

இப்போது உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் அரை நிமிடத்துக்கு வருகிறேன். கொதிக்கும் எண்ணெய் இரண்டு தாச்சி. நெருக்கமாக ஐந்து பெண்கள், ஒரு பிள்ளை. 'காஸ்' என்று நான் கத்தினால் ஓடுவார்கள், யாராவது தாச்சியில் இடிப்பார்கள். அதனால் எனக்கு ஒரு கெட்டித்தனமான யோசனை வந்தது.

விசிறியையும் அடுப்பையும் நிறுத்தினேன். முகத்தில் சிரிப்பை வரவழைத்தேன். "எல்லாரும் ஒருக்கா வெளியிலை வாங்கோ, ஜெனியின்ரை நாளைய விசேஷத்துக்கு ஞாபகமா ஒரு படம் எடுப்பம்" என்றேன்.

எல்லோரும் குனிந்து தங்கள் ஏப்ரனைப் பார்த்தார்கள்.

"இந்தக் கோலத்திலையோ?" என்றார் மா உருட்டியவர்.

"என்ரை தலையைப் பார், பேய் மாதிரி" என்றார் மற்றவர்.

"அக்கா, அந்த நீலச் சால்வை எங்கை?" என்று மூன்றாமவர் உள்ளே தேடப் போனார். மா உருட்டியவர் முகம் கழுவச் சுடுதண்ணீரைத் திறந்தார்! ஹீற்றர் மறுபடி எரியத் தொடங்கியது. என் பொய் அவர்களை வெளியே அனுப்புவதற்குப் பதிலாக, அந்த நஞ்சுக்குள் அலங்காரம் செய்ய வைத்துவிட்டது.

"சால்வை வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த அறையிலை நஞ்சுக் காத்து இருக்கு. தலையிடி அதாலைதான். அடுப்பு நிப்பாட்டியிருக்கு. ஜெனியைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் இப்பவே வெளியிலை போங்கோ. நான் கடைசியா வாறன்."

ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் இடிக்கவில்லை. இந்தப் பெண்கள் ஊரில் போர்க்காலத்தில் இதைவிடப் பெரியவற்றுக்கு வீட்டைவிட்டு வெளியேறியவர்கள் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். தங்கை எழ முயன்று தடுமாற, மா உருட்டியவர் ஒரு கையால் அவரைத் தாங்கி, மறு கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நான் கடைசியாக ஏறும்போது, எனக்கு முன்னால் றெஜினா அன்ரி ஒரு தட்டு ரோல்ஸோடு ஏறிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, அதை வையுங்கோ!"

"வைக்கிற நேரத்துக்கு ஏறிடுவன் பிள்ளை, நீர் வாரும்."

வாசலில் நின்று அவசர எண்ணுக்கு அழைத்தேன். தீயணைப்புக்காரரும் அம்புலன்ஸ் ஆட்களும் வந்தார்கள். ஜெனிக்கும் அவள் அம்மாவுக்கும் ஒட்சிசன் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களைத் தூறலில், ஏப்ரனோடு, வரிசையாக நிறுத்திப் பார்த்தார்கள். காஸ் ஆள் வந்து ஹீற்றரை அடைத்து, பாவிக்கக்கூடாது என்ற சிவப்பு அட்டை கட்டினார்.

ஆஸ்பத்திரிச் செய்திக்காகக் காத்திருந்த அந்த மூன்று மணி நேரம் நான் காருக்குள் இருந்து என்ன யோசித்தேன் என்பதை எழுதப்போவதில்லை. பிள்ளை உள்ளவர்களுக்குத் தெரியும். அங்கிளுடைய போன் அடித்ததும் எல்லோரும் அவரைச் சுற்றினோம். அவர் ஸ்பீக்கரில் போட்டார். ஜெனியின் குரல் கேட்டது. "பெரியப்பா, I'm hungry. ரோல்ஸ் முடிஞ்சுதா?"

எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். நான் மட்டும் அழுதேன். அன்ரி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"வியாழக்கிழமை நல்ல வீடு எண்டு சொல்லிப்போட்டுப் போனீர்."

"ஓம் அன்ரி. பிழை என்ரை."

"நாங்கள் ஒளிச்சம். நீர் பாக்கேல்லை." அன்ரி தட்டை நீட்டினார். "அழுறதெண்டாலும் சாப்பிட்டிட்டு அழும்."

ஞாயிற்றுக்கிழமை ஜெனி வெள்ளைச் சட்டையோடு கோவிலில் நடந்து போனாள். அவளுடைய அம்மாதான் அதிகம் களைத்திருந்தார். மிச்சப் பலகாரம் எங்கள் வீட்டில் பொரிக்கப்பட்டது. கறை பற்றி என் கணவர் அடித்த பகிடிகளை இங்கே எழுத இடமில்லை.

திங்கட்கிழமை மனேஜரிடம் போய், நான் கையெழுத்திட்ட அறிக்கை பிழை என்றேன். வேலை போகும் என்று நினைத்து, முதல்நாளே என் மேசையை ஒழுங்கு செய்துவிட்டிருந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். கதவைத் திறந்து பார்க்காதது பற்றி எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது. அதன்பின், "இனி வருகிறவர்கள் இதைத் தவறவிடாமல் படிவத்தில் என்ன கேட்கலாம்?" என்றார்.

'இரண்டாவது சமையலறை உண்டா?' என்று எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் திரிந்தேன். ஒரு வீட்டிலும் இல்லை! நகரசபைப் பயத்தில் எல்லோரும் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒரு வீட்டில், இல்லை என்று சொன்னவரின் கையில் கரண்டி இருந்தது. கேள்வியை மாற்றினேன். மார்க்கத்தில் ஒரு அண்ணையிடம், "மீன் எங்கை அண்ணை பொரிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

"கராஜிலை" என்றார் கண் சிமிட்டாமல். "உள்ளை பொரிச்சா மனிசி விடுமோ?"

அந்தக் கேள்விதான் இப்போது உங்கள் படிவத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. சிலர் அதைப் பார்த்துச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரியுங்கள், ஆனால் கேளுங்கள். சீன வீட்டில் கேளுங்கள், பஞ்சாபி வீட்டில் கேளுங்கள். பதில் எதுவானாலும் அந்த இடத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். நாம் அளப்பது வெறும் சுவர்களை அல்ல. அங்கே சனம் எப்படிச் சீவிக்கிறதோ அதையும் சேர்த்து அளக்கிறோம்.

சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் என்னைப்போல ஒருவராவது இருப்பீர்கள். எல்லாச் சந்தேகத்துக்கும் பின்னால் ஓடினால் வேலை நடக்காது. மார்க்கத்தில் மணியை இரண்டு தரம் அடித்தது வெறும் பயம். எதைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெக்ஸ்போர்ட்டில் என்னால் சொல்ல முடிந்தது. எந்தச் சந்தேகம் கையால் தொட்டுக் காட்டக்கூடியதோ, அதற்காகத் திரும்பிப் போங்கள். இதுவும் முழுச் சரியா என்று எனக்குத் தெரியாது. இதுவரை உதவியிருக்கிறது.

அந்த வருடக் கோடையில் றெஜினா அன்ரி வீட்டுக்கு மூன்றாம் தரம் போனேன். காஸ் ஹீற்றர் போய், கரண்டில் ஓடும் ஒன்று வந்திருந்தது. புகைபோக்கியை அடைத்துவிட்டார்கள். விசிறிக்கு ஈடாக வெளிக்காற்று உள்ளே வர ஒரு தனிக் குழாய் போட்டிருந்தார்கள். கீழ்ச் சமையலறையை நகரசபையில் முறைப்படி பதிந்து, அனுமதி அட்டையை அங்கிள் சட்டம் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். அலாரம் சுவரில் இருந்தது. வீட்டில் இனி எரிவது ஒன்றுமே இல்லை. புகை திரும்பிவர வழியும் இல்லை. பயிற்சியில் சொல்வதன்படி நான் எண்களை எழுதிவிட்டுப் போயிருக்கலாம்.

"அன்ரி, ஒரு உதவி. ஏதாவது பொரியுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அன்ரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை பேருக்கு?" என்றார்.

கத்தரிக்காய் பொரிந்தது. விசிறி இரைந்தது. மீற்றரில் அரை மணி நேரமும் பூச்சியம். அது தாராளமாகப் போதும். நான் இன்னும் பத்து நிமிடம் நின்றேன்.